எங்கள் வீட்டு யாங்சினுக்குச் சுருதி சேர்க்க வந்த பியானோக்காரர்

நாகர்கோவிலில் யாங்சினுக்கு, அதாவது குச்சியால் தட்டி வாசிக்கும் சீனத்துக் கம்பி வாத்தியத்துக்கு, சுருதி சேர்க்க ஆள் கிடைக்குமா என்று ஒன்பது மாதம் அலைந்தேன். கடைசியில் கிடைத்தவர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். தேவாலயங்களில் பியானோ ட்யூன் செய்கிறவர். யாங்சின் என்ற வாத்தியத்தை அதற்கு முன் அவர் கண்ணால் பார்த்தது கிடையாது. இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார், மொத்தம் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தார், நாலாயிரம் ரூபாய் வாங்கினார். குமரி மாவட்டத்தில் சந்தூரோ பழைய பியானோவோ வைத்துக்கொண்டு என்னைப் போல் தவிக்கிறவர்கள் இருந்தால் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை.

எங்களிடம் இந்த வாத்தியம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் கணவருக்குச் சிங்கப்பூரில் பன்னிரண்டு வருஷம் வேலை. அங்கே பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை என்று பிள்ளைகள் ஏதாவது ஒன்றில் சேருவார்கள். மகள் தோழியின் பின்னாலேயே போய்ச் சீன இசைக்குழுவில் சேர்ந்தாள். இரண்டு மூங்கில் குச்சிகளைக் கையில் கொடுத்து யாங்சின் முன்னால் உட்காரவைத்தார்கள். ஆறு வருஷம் வாசித்தாள். ஊருக்குத் திரும்புகிறோம் என்றதும் அவள் கேட்டது இது ஒன்றைத்தான். அவளுடைய ஆசிரியை மூலமாக செகண்ட்ஹேண்டில் ஒன்றை வாங்கினோம். வீட்டுச் சாமான்களோடு கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து லாரியில் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தது.

பார்க்காதவர்களுக்காக: ஸ்டாண்டின் மேல் வைத்த சரிவக வடிவப் பெட்டி அது. அகலமான பக்கம் வாசிக்கிறவரை நோக்கி இருக்கும். மேற்பலகையில் வரிசை வரிசையாக ஐந்து குதிரைகள், கம்பிகளைத் தாங்கி நிற்கிற கட்டைகளுக்கு அதுதான் பெயர். அவற்றின் மேல் 144 கம்பிகள். கீழ் ஸ்தாயிக்குச் செம்பு சுற்றிய தடித்த கம்பிகள், ஸ்வரத்துக்கு ஒன்றோ இரண்டோ. மேலே போகப் போகக் கம்பி மெலிந்து, ஒரே ஸ்வரத்துக்கு மூன்று, நாலு, ஐந்து என்று கூடும். மூங்கில் குச்சியின் நுனியில் ஒரு பக்கம் ரப்பர் ஒட்டியிருக்கும். ரப்பர் பக்கம் அடித்தால் மெத்தென்று கேட்கும், திருப்பி மூங்கில் பக்கம் அடித்தால் கணீரென்று கேட்கும். நாலு ஸ்தாயிக்கு மேல் போகும். காஷ்மீரச் சந்தூருக்கு இது சொந்தக்கார வாத்தியம். பாரசீகத்துச் சந்தூரின் வம்சம், மிங் அரசர்களின் கடைசிக் காலத்தில் தென் சீனாவின் குவாங்டோங் கரையில் வந்து இறங்கியது என்பார்கள். பெயரில் உள்ள ‘யாங்’ என்பதை முதலில் வெளிநாட்டு என்று பொருள்படும் எழுத்தால்தான் எழுதினார்கள். பிறகுதான் அதே ஒலியுள்ள வேறு நல்ல எழுத்துக்கு மாற்றினார்கள்.

வீட்டில் பெட்டியைப் பிரித்த அன்று மகள் ஒரு தடவை இரண்டு குச்சியையும் ஓட்டினாள். உடனே நிறுத்திவிட்டு மூடியைச் சாத்தினாள். நான் சின்ன வயதில் கோட்டாறில் நாலு வருஷம் வீணை படித்தவள், எனக்கே காது கூசியது. சில இடங்களில் அரை ஸ்வரம் இறங்கிக் கிடந்தது. ஒரே ஸ்வரத்துக்கு உள்ள நாலு கம்பியும் நாலு மாதிரிப் பேசின.

இங்கே ஒரு தப்பு செய்தோம். ஊரில் வாத்தியம் விற்கிற ஒரு கடையில் சொல்லி ஒரு பையனை வரவழைத்தோம். கிதார் நன்றாகத் தெரிந்த பையன், மரியாதையான பையன். போனில் ட்யூனர் ஆப்பை வைத்துக்கொண்டு ஆரம்பித்தான். யாங்சினில் என்ன சிக்கல் என்றால், ஒரு குதிரையின் கம்பிகள் அடுத்த குதிரையின் கம்பிகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் போகும். நீங்கள் அடிக்கிற கம்பி ஓரத்தில் எந்த ஆணியில் (அதைத் திருகித்தான் சுருதியை ஏற்றி இறக்குவார்கள்) போய் முடிகிறது என்று விரலால் தொட்டுப் பார்க்காமல் தெரியாது. பையன் ஒரு கம்பியைத் தட்டினான், வேறொரு கம்பியின் ஆணியைத் திருகினான். முள் அசையவில்லை. இன்னும் திருகினான். பட்டென்று அறுந்தது. இப்படி மூன்று கம்பி போயிற்று. மூன்றாவது அறுந்தபோது அதன் முனை மகளின் கன்னத்துக்குப் பக்கமாக வீசிப் போனது. நான் போதும் தம்பி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவனைக் குறை சொல்லி என்ன, இந்த ஊரில் அவன் இதை எங்கே பார்த்திருப்பான்? ஆனால் தெரியாது என்று கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அப்புறம் பியானோக்காரர். எங்கள் சபையில் பியானோ வாசிக்கிற அக்காதான் நம்பர் கொடுத்தார்கள். போனை எடுக்கவைப்பதே பெரிய பாடு. அஞ்சு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, “சீனத்து வாத்தியம்னு சொன்னாங்க. ஒரு போட்டோ அனுப்புங்க, ஆணி தெரியணும்” என்றார். ஆணியின் தலை சதுரமா, எவ்வளவு கனம் என்று பார்த்து அதைத் திருகத் தகுந்த சாவியைத் தேடி எடுத்துக்கொண்டுதான் வந்தார். இது எனக்குப் பிடித்திருந்தது. வாத்தியத்தோடு வந்த சாவி எங்களிடமே இருந்தது, ஆனால் அதன் வாய் தேய்ந்திருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. தேய்ந்த சாவி வழுக்கி ஆணியின் முனையை மழுக்கிவிடுமாம்.

ஒன்பதரைக்கு வருகிறேன் என்றவர் பதினொன்றேகாலுக்கு வந்தார். வெட்டூர்ணிமடத்தில் பஸ் நின்றுவிட்டது என்றார். வந்து ஒரு சாயா குடித்தார், முந்திரிக்கொத்து வைத்தேன், அதைத் தொடவில்லை. கை பிசுபிசுத்தால் கம்பியைத் தொட முடியாது என்று காரணம் சொன்னார். போகும்போது கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

முதல் அரை மணி நேரம் சாவியை எடுக்கவே இல்லை. மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சுருதி இல்லாமல் எப்படி வாசிப்பது என்று அவள் கூச்சப்பட, “பரவாயில்ல மக்களே, எனக்கு ஒன் கை எங்கெங்க போவுதுன்னு தெரிஞ்சா போதும்” என்றார். அவள் மூங்கில் குச்சியைக் காட்டியபோது வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டு, “வில்லுப்பாட்டு வீசுகோலுக்குத் தம்பியாக்கும் இது” என்றார். பிறகு ஒரு நோட்டில் குதிரைகளை வரைந்து, ஒவ்வொரு கம்பிக்கூட்டமும் என்ன ஸ்வரம் என்று அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். வாசிப்பவரிடமிருந்து எதிர்ப்பக்கமாக ஒரு படி தள்ளிப் போனால் ஒரு முழு ஸ்வரம் ஏறும், இடப்பக்கம் அடுத்த குதிரைக்குப் போனால் பெரும்பாலும் பஞ்சமம் ஏறும். ஓரங்களில் மட்டும் விடுபட்ட ஸ்வரங்களைச் செருக இந்த ஒழுங்கு மாறும். இதை அவள் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். “அப்போ இதுக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடுது. பியானோவுக்கு இது மூத்தவனாக்கும்” என்றார். குரலில் அவ்வளவு மரியாதை.

அடுத்து ஒரு கேள்வி கேட்டார், அதை நான் எதிர்பார்க்கவில்லை. “இங்க யாருகூட வாசிக்கப் போற?” சீன இசைக்குழுக்களில் பலவும் ஏ என்ற ஸ்வரத்தை 442 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 442 அதிர்வில் வைப்பார்கள். மகளுக்கு அந்த 442 காதில் ஊறிப்போயிருந்தது, அதைத்தான் வேண்டும் என்றாள். இங்கேயோ சபையில் கீபோர்டு, பள்ளியில் கீபோர்டு, எல்லாம் 440. இரண்டு ஹெர்ட்ஸ் என்ன பெரிய வித்தியாசம் என்று நான் நினைத்தேன். அரை ஸ்வரத்தை நூறு பங்கு வைத்தால் ஒரு பங்கு ஒரு சென்ட், இந்த இரண்டு ஹெர்ட்ஸ் ஏறக்குறைய எட்டு சென்ட். தனியாகக் கேட்டால் தெரியாது, கீபோர்டோடு சேர்ந்து வாசித்தால் பல்லில் மணல் கடிபட்ட மாதிரி இருக்கும் என்றார். இன்னொரு காரணமும் சொன்னார். இறங்கிக் கிடந்த பழைய வாத்தியத்தை ஒரேயடியாக மேலே இழுத்தால் 144 கம்பியின் பாரமும் பலகையின் மேல் விழும். முதலில் 440, அதில் நன்றாக நிலைத்த பிறகு வேண்டுமானால் பார்க்கலாம். மகளுக்கு முகம் வாடியது. ஆனாலும் சரி என்றாள். அவளிடம் கேட்டு, காரணம் சொல்லி முடிவு செய்தாரே, அதற்காகவே அவருக்கு ஐந்து மார்க் கொடுக்கலாம்.

அறுந்த மூன்று கம்பியின் துண்டை ஸ்க்ரூ கேஜில் அளந்து, தன்னிடமிருந்த பியானோக் கம்பிச் சுருளில் அதே கனம் உள்ளதை எடுத்துக் கட்டினார். முன்னாளில் வெண்கலக் கம்பிதான் இந்த வாத்தியத்தில் இருந்ததாம், 1950களிலிருந்து எஃகு வந்துவிட்டது. அதனால்தான் பியானோக் கம்பி இதற்கு ஒத்துப்போனது.

பிறகு சுருதி சேர்த்த விதம். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், ஜன்னலைச் சாத்தச் சொன்னார். குக்கரை இறக்கிவைத்தேன். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி முடிகிறவரை காத்திருந்தார். ஒரு ஸ்வரத்துக்கு உள்ள நாலு கம்பியில் மூன்றின் நடுவே கம்பளித் துணிப்பட்டையைச் செருகி வாயடைத்தார். மீதி ஒன்றைத்தான் சுருதி காட்டும் மீட்டருக்கு நேராகப் பிடித்தார். சாவியை ஆணியில் மாட்டும் முன் ஒவ்வொரு தடவையும் இடது கை விரலால் கம்பியைத் தொட்டு, அப்படியே ஓரம் வரை தடவிப் போய் ஆணியைத் தொட்டார். 144 தடவையும். அந்தப் பையன் செய்யாதது இதுதான். கம்பியை முதலில் துளி இறக்கிவிட்டு, பிறகு மெல்ல மேலே கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கி வந்து நிற்கிற கம்பி அப்படியே நிலைக்காது, ஏறி வந்து நிற்கிற கம்பிதான் ஆணியில் உட்காரும் என்றார். நிறுத்தியதும் குச்சியால் நாலு அடி ஓங்கி அடித்தார். அடியில் நழுவினால் மறுபடி.

அதற்கு மேல் மீட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டார். துணிப்பட்டையை ஒரு கம்பி அளவுக்கு நகர்த்தி, சேர்த்த கம்பியையும் சேர்க்காத கம்பியையும் ஒன்றாக அடித்தார். என்னைக் கூப்பிட்டு, “டீச்சரே, இதக் கேளுங்க” என்றார். ஊங்-ஊங்-ஊங் என்று வேகமாக அலை அடித்தது. சாவியை அவர் திருகியதே என் கண்ணுக்குத் தெரியவில்லை, கையை அழுத்திய மாதிரிதான் இருந்தது. அலை மெதுவானது. ஊ...ங், ஊ...ங். இன்னும் மெதுவாகி, ஒரு மூச்சு நீளத்துக்கு ஒன்று என்று வந்து, அப்புறம் இல்லாமலே போயிற்று. இரண்டு கம்பி ஒரு கம்பியாகிவிட்டது. சத்தம் கூடினாற்போல் இருந்தது, அறையே பெரிசாகிவிட்ட மாதிரி. வீணையில் ஸாரணியும் பஞ்சமமும் சேருவதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இப்படி அலை அடங்குவதை உட்கார்ந்து எண்ணிக் கேட்டது அன்றைக்குத்தான்.

கடைசிக் கம்பிக்கு வந்தபோது மணி நாலரை. முதலில் சேர்த்தவை அதற்குள் லேசாக இறங்கியிருந்தன. மற்ற கம்பிகளின் இழுப்பில் பலகை அமுங்குவதால் இப்படி ஆகுமாம். ஒரு சுற்று மறுபடி போனார்.

அப்புறம் மகள் வாசித்தாள், குறை தெரிந்தது. இடது குதிரை. மற்ற குதிரைகளில் பொதுவாக ஒரு பக்கம்தான் அடிப்பார்கள், இடது குதிரையில் இரண்டு பக்கமும் வாசிக்க வேண்டும். கம்பியின் நீளத்தைக் குதிரை மூன்றுக்கு இரண்டாகப் பிரிக்கும். வலப்பக்கம் ஸ என்றால் இடப்பக்கம் அதே கம்பி ப என்று பேசும். அவர் வலப்பக்கத்தை மட்டும் கேட்டுக் கேட்டுச் சேர்த்திருந்தார். இடப்பக்கம் தானாக வந்துவிடும் என்று நினைத்துவிட்டார். வரவில்லை. கீழே பத்து சென்ட் ஏறி நின்றது, மேல் ஸ்வரங்களில் முப்பது சென்ட் வரை ஏறி நின்றது. அவர் முகம் சிவந்துவிட்டது. “தப்பு என்னுது. மொதல்ல குதிரைய அளந்திருக்கணும்” என்று சொல்லி, டேப்பை எடுத்து அளந்தார். கப்பல் பயணத்தில் குதிரையின் மேல்முனை இடப்பக்கமாக மூன்று மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. அந்தப் பக்கம் கம்பி குட்டையானால் ஸ்வரம் ஏறத்தானே செய்யும்.

அன்றைக்கே நகர்த்தலாமே என்று கேட்டேன். கம்பியின் பாரம் முழுக்க ஏற்றிய பிறகு குதிரையைத் தட்டக்கூடாது, பலகையின் மெருகும் போகும், குதிரையும் சாயும் என்று மறுத்துவிட்டார். பதினைந்து நாள் கழித்து வந்தார். அதற்குள் புதுக் கம்பி மூன்றும் நன்றாக இளகி இறங்கியிருந்தன. அந்தக் குதிரைக்கு மேலே போகும் கம்பிகளை மட்டும் கொஞ்சம் தளர்த்தி, மரத்துண்டு ஒன்றைக் குதிரையின் அடியில் ஒட்ட வைத்து, ரப்பர் சுத்தியலால் பூப்போல் தட்டினார். தட்டு, அளவு, தட்டு, அளவு. பிறகு கம்பிக்கு அடியில் ஓரத்தில் உள்ள சின்ன உலோக உருளைகளைத் தள்ளி மிச்சத்தைச் சரி செய்தார். இரண்டு பக்கமும் ஒத்துவந்தன. கணக்குப்படி மூன்றுக்கு இரண்டில் வருகிற பஞ்சமம் 702 சென்ட், கீபோர்டின் பஞ்சமம் 700. இந்த இரண்டு சென்ட்டை என்ன செய்வது என்று கேட்டதற்கு, “அது ஒங்க தம்புராவுக்க பஞ்சமம், அத எதுக்கு கெடுக்கணும்?” என்றார். எனக்கு அந்தப் பதில் இன்றைக்கும் நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டாவது வருகைக்கும் ஆயிரத்தைந்நூறு வாங்கினார். தப்பு தன்னுடையது என்று ஒத்துக்கொண்டவர் அதில் பாதியைக் குறைத்திருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். குதிரையை நகர்த்தியது தனி வேலை என்று கணவர் அவர் பக்கம் பேசுகிறார், எங்கள் வீட்டில் இது இன்னும் முடியாத வழக்கு. பில் கிடையாது. சொன்ன நேரத்துக்கு வருவது கிடையாது. இவ்வளவுதான்.

நம் ஊர் காற்றுக்கு அவர் சொன்ன யோசனைகள் எல்லாருக்கும் உதவும். இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு. இடவப்பாதியிலும் ஐப்பசியிலும் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், பலகை மேலே எழும்பும், கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும். பங்குனி வெயிலில் காய்ந்து இறங்கும். அதனால் வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் உள்சுவர்ப் பக்கமாக நகர்த்தினோம். ஏசி அறை வேண்டாம் என்றார், போட்டு நிறுத்திப் போட்டு நிறுத்தினால் கம்பிக்கு ஆகாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் இரண்டு. வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒரு துடைப்பு. கம்பி துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாம் என்று என் மாமியார் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டதும் அவர் இரண்டு கையையும் கூப்பி, “அம்மா, அத மட்டும் செஞ்சிராதீங்க” என்றார். எண்ணெய் பட்டால் தூசி ஒட்டும், ஒலி செத்துப்போகும்.

போகும் முன் மகளுக்குச் சாவி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். துணிப்பட்டை ஒன்றையும் வெட்டிக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. இப்போது அவள் தினமும் சாயங்காலம் வாசிக்கும் முன் அஞ்சு ஸ்வரம் மட்டும் சரிபார்க்கிறாள். முப்பது நிமிஷம் ஆகும். முதல் வாரம் ஒரு ஸ்வரத்துக்கே அவ்வளவு நேரம் ஆயிற்று. விரலால் கம்பியைத் தடவிப் போய் ஆணியைத் தொடுவது அவளுக்கும் பழகிவிட்டது. கிறிஸ்துமஸுக்குச் சபையில் கீபோர்டோடு சேர்ந்து இரண்டு பாட்டு வாசித்தாள், 440 சரியாக நின்றது.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். மே கடைசியில், இடவப்பாதி தொடங்கும் முன் மறுபடி வரச் சொல்லியிருக்கிறோம். உங்களுக்கு வேண்டுமென்றால் பியானோ உள்ள எந்தச் சபையிலும் வாசிக்கிறவரிடம் கேளுங்கள், நம்பர் இருக்கும். பகலில் அடித்தால் எடுக்க மாட்டார், இரவு எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். ஆணி தெரிகிற மாதிரி போட்டோ ஒன்று தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.